துன்பமும் மகிழ்ச்சியும்: ஜேர்மானிய நத்தார்ப் பாடல்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கிறிஸ்தவ விழாக்களுள் மகிழ்ச்சிக்குரியதென யாவராலும் எண்ணப்படுவது நத்தார்ப் பெருவிழாவாகும். விளக்கும் விருந்தும் புத்தாடையும் இன்னிசையும் அதன் அடையாளங்களாகிவிட்டன. ஆயின் அவ்விழாவுக்கு மூலமான நற்செய்தி வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு வேறொரு காட்சியும் புலப்படும். பேரரசின் குடிக்கணக்குக் கட்டளையால் ஊர்விட்டு ஊர் செல்ல நேர்ந்த ஏழைத் தம்பதியர், சத்திரத்தில் இடமின்மையால் தீவனத் தொட்டியிற் கிடத்தப்பட்ட குழந்தை, அக்குழந்தைக்கு அஞ்சிய ஏரோது மன்னன் பெத்லகேமின் ஆண் மகவுகளைக் கொல்வித்தமை, பெற்றோர் குழந்தையுடன் இரவோடிரவாக எகிப்துக்கு ஓடியமை ஆகியனவும் அவ்வரலாற்றின் பகுதிகளே. பழைய திருச்சபை நாட்காட்டியும் இதனை மறைத்ததில்லை. மார்கழி 25ஆம் நாள் பிறப்பு விழாவாக, 26ஆம் நாள் கல்லெறியுண்டு மாண்ட ஸ்தேவானின் நினைவுநாளாகவும், 28ஆம் நாள் ஏரோதினாற் கொல்லப்பட்ட குழந்தைகளின் நினைவுநாளாகவும் மேனாட்டுத் திருச்சபையில் அமைந்துள்ளன. தொட்டிலுக்கு மிக அண்மையிலேயே இரத்தமும் கண்ணீரும் வைக்கப்பட்டிருக்கின்றன.

இந்நிலையில் ஒரு வினா எழுகின்றது. துன்பத்தின் நடுவே பாடப்படும் மகிழ்ச்சி எத்தகையது? அது துன்பத்தை மறக்கச் செய்யும் மயக்கமா, அன்றித் துன்பத்தைக் கண்திறந்து நோக்கி அதன்முன் நிற்கச் செய்யும் ஆற்றலா? சமயம் மக்களுக்கு அபின் போன்றது என்று 1844இல் கார்ல் மார்க்ஸ் எழுதியமை பலரும் அறிந்தது. அதே பகுதியில், சமயத் துன்பம் என்பது உண்மையான துன்பத்தின் வெளிப்பாடாகவும் அதற்கெதிரான மறுப்பாகவும் உள்ளது என அவர் கூறியிருப்பது அத்துணை நினைக்கப்படுவதில்லை. இவ்விரண்டுள் எது உண்மை என்பது இறையியல் வாதங்களால் மாத்திரம் தீரக்கூடியதன்று. மக்கள் எந்நிலையில் எதனைப் பாடினர், பாடியபின் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதை வரலாற்றிற் காண்பதும் அவசியமாகும். ஜேர்மன் மொழியில் எழுந்த நத்தார்ப் பாடல்களை, 17ஆம் நூற்றாண்டின் முப்பதாண்டுப் போர், 20ஆம் நூற்றாண்டின் நாஸி ஆட்சி என்னும் இரு பேரழிவுக் காலங்களை முன்வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போர் விட்டுச்சென்ற நாடு

1618ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் பிராக் நகர அரண்மனைச் சாளரத்தினூடாக மன்னரின் பிரதிநிதிகள் வெளியே வீசப்பட்ட நிகழ்ச்சியோடு தொடங்கிய போர், 1648இல் வெஸ்ற்பாலியா உடன்படிக்கையோடு ஓய்ந்தது. கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் இடையிலான பிணக்காகத் தொடங்கிய அது, சுவீடனும் பிரான்சும் ஸ்பெயினும் தத்தம் நலன் கருதி இறங்கிய வல்லரசுப் போட்டியாக வளர்ந்தது. படைகளுக்கு ஒழுங்கான ஊதியம் கிடைக்காமையால், அவை தாம் தங்கிய நாட்டைக் கொள்ளையிட்டே உயிர்வாழ்ந்தன. பகைவர் படை வந்தாலும் நட்புப் படை வந்தாலும் குடியானவனுக்கு விளைவு ஒன்றாகவே இருந்தது. 1631இல் மக்டபேர்க் நகர் வீழ்ந்தபோது ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். ஆயினும் போர்க்களத்தில் இறந்தாரினும் படைகளைப் பின்தொடர்ந்த கொள்ளைநோயாலும் பஞ்சத்தாலும் இறந்தாரே மிகப் பலர். ஜேர்மானிய நாடுகள் இழந்த மக்கட்டொகையை வரலாற்றாசிரியர் 15 வீதம் முதல் 35 வீதம் வரை பலவாறாக மதிப்பிடுவர். சில மாநிலங்களில் இழப்பு இதனினும் மிகுதி. பிராண்டன்பேர்க் அவற்றுள் ஒன்று. அதன் தலைநகரான பேர்லினின் மக்கட்டொகை போரினால் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இக்காலத்துக் குடியானவர் பட்ட கொடுமைகளை, தாமே போரில் அகப்பட்டு வளர்ந்த கிறிமெல்ஸ்ஹவுசன் 1668இல் வெளியான தமது ‘சிம்பிளிசிசிமுஸ்’ என்னும் நாவலில் எள்ளலும் கசப்பும் கலந்து சித்திரித்துள்ளார்.

மக்கள் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுவதற்கு இதனைவிடப் பொருந்தாத காலம் ஒன்றினை எண்ணுதல் அரிது. ஆயினும் ஜேர்மன் மொழியின் மிகச் சிறந்த நத்தார்ப் பாடல்கள் சில இத்தலைமுறையிலேயே தோன்றின.

பவுல் கெர்கார்ட்

அப்பாடல்களின் ஆசிரியர் பவுல் கெர்கார்ட் ஆவார். 1607இல் விற்றன்பேர்க்குக்கு அண்மையிலுள்ள கிறாபன்ஹைனிகன் என்னும் சிற்றூரிற் பிறந்த அவர், பதினான்கு வயது நிரம்பியவளவில் தாய் தந்தை இருவரையும் இழந்தார். போர் தொடங்கியபோது அவருக்கு வயது பதினொன்று. முடிந்தபோது நாற்பத்தொன்று. அவரது இளமையும் நடுவயதும் முழுமையாகப் போரினுள் அடங்கிவிட்டன. லூதரின் நகரான விற்றன்பேர்க்கில் இறையியல் பயின்றுகொண்டிருந்த காலத்திலே, 1637இல், அவர் பிறந்த ஊர் சுவீடன் நாட்டுப் படையினரால் எரியூட்டப்பட்டது. 1640களில் பேர்லினுக்குச் சென்று ஒரு வீட்டில் ஆசிரியராக அமர்ந்த அவருக்குத் திருச்சபைப் பதவி கிடைத்தது 1651இலேயாம். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

பேர்லினில் அவர் பெற்ற பெரும்பேறு, நிக்கொலாஸ் ஆலயத்தின் இசைத் தலைவரான யொகான் குறூகரின் நட்பாகும். குறூகர் தொகுத்த பாடற்றிரட்டின் 1647ஆம் ஆண்டுப் பதிப்பிலே கெர்கார்ட்டின் பாடல்கள் பதினெட்டு முதன்முதலாக இடம்பெற்றன. 1653ஆம் ஆண்டுப் பதிப்பில் அவற்றின் தொகை எண்பதைத் தாண்டியது. அப்பதிப்பிலேயே, கிறிஸ்துவின் வருகையை எவ்வாறு எதிர்கொள்வது என வினவும் வருகைக்காலப் பாடலும், உள்ளம் மகிழ்ந்து துள்ளுவதைப் பொருளாகக் கொண்ட நத்தார்ப் பாடலும், தொட்டிலின் அருகே நிற்கும் ஒருவன் தனித்துப் பேசுவதாக அமைந்த பாடலும் வெளிவந்தன.

இவை வெளிவந்தபின்னரும் அவர் வாழ்வு இலேசானதாக அமையவில்லை. 1655இல் மணம் புரிந்த அவருக்குப் பிறந்த பிள்ளைகள் ஐவருள் நால்வர் சிறு வயதிலேயே இறந்தனர். 1657இல் நிக்கொலாஸ் ஆலயத்துப் பணியை ஏற்ற அவர், ஒன்பது ஆண்டுகளின் பின் அதனை இழந்தார். கல்வினியச் சார்புடைய பிராண்டன்பேர்க் ஆட்சியாளர் பிரடெரிக் வில்லியம், லூதரன் போதகரும் கல்வினியப் போதகரும் ஒருவரையொருவர் பிரசங்க மேடையில் இகழலாகாது எனக் கட்டளையிட்டு, அதற்கு உடன்படுவதாகக் கையொப்பம் கேட்டபோது, தமது திருச்சபையின் விசுவாச அறிக்கைக்கு அது முரணாகுமெனக் கருதிய கெர்கார்ட் கையொப்பமிட மறுத்தார். சமயப் பிணக்கினால் முப்பது ஆண்டுகள் எரிந்த நாட்டில் ஆட்சியாளரின் கட்டளை நியாயமற்றதென்று இன்று நாம் கூறமாட்டோம். எனினும் மனச்சாட்சிக்கு மாறாகக் கையொப்பமிடுவதினும் பதவி துறத்தலே மேலென்று அவர் நின்றமை கருதத்தக்கது. நகர மக்களின் முறையீட்டினால் 1667இல் ஆட்சியாளர் இணங்கி வந்தபோதும், சொல்லாமற் சொல்லப்பட்ட நிபந்தனையோடு பதவிக்கு மீள அவர் விரும்பவில்லை. அடுத்த ஆண்டு மனைவியும் இறந்தார். எஞ்சிய ஒரே மகனோடு லூபன் என்னும் சிற்றூருக்குச் சென்று பணியாற்றிய அவர், 1676இல் அங்கேயே காலமானார்.

பாடல்களின் இயல்பு

கெர்கார்ட்டின் நத்தார்ப் பாடல்களை நோக்குமிடத்து மூன்று இயல்புகள் புலனாகின்றன.

முதலாவது, அவை துன்பத்தை மூடி மறைப்பதில்லை. மகிழ்ச்சியைப் பெயராகக் கொண்ட பாடலே பெருந்துயரில் உழல்வோரையும், குற்றவுணர்வால் வாடுவோரையும், வறியோரையும் ஒருவர்பின் ஒருவராக விளித்துத் தொட்டிலருகே அழைக்கின்றது. மகிழ்வோர் கூடிப் பாடும் பாட்டாக அன்றி, மகிழ்வதற்குக் காரணமற்றவரைத் தேடிச் செல்லும் பாட்டாக அஃது அமைந்துள்ளது. போர் முடிந்த செய்தி கேட்டு அவர் இயற்றிய நன்றிப் பாடலிலும் இதனையே காண்கின்றோம். அமைதிக்கு நன்றி கூறத் தொடங்கும் அப்பாடல், கேட்போரை இடிந்த நகரங்களையும் பாழ்பட்ட வயல்களையும் நிரம்பிய இடுகாடுகளையும் நோக்குமாறு பணிக்கின்றது. வெற்றிக் களிப்பு அதில் இல்லை.

இரண்டாவது, அவற்றிலே ‘நான்’ என்னும் தன்மை ஒருமை ஓங்கி நிற்கின்றது. ஒரு நூற்றாண்டுக்கு முந்திய லூதரின் பாடல்கள் பெரும்பாலும் ‘நாம்’ எனச் சபையாகப் பேசுவன. போர் சபைகளைச் சிதறடித்து, ஒவ்வொருவனையும் தன் இழப்போடு தனியே விட்ட காலத்திலே, தனியொருவனின் குரலாகப் பாடல் மாறியமை வியப்பன்று. ஆயின் அத்தனிக்குரல் பாடற்றிரட்டின் வழியாகப் பலர் வாயிற் புகுந்து மீண்டும் சபையின் குரலாயிற்று.

மூன்றாவது ஒரு குறைபாடு. போரை மக்களின் பாவங்களுக்கு இறைவன் அளித்த தண்டனையாகவே அவரும் அவர் காலத்தவரும் கண்டனர். படைகளை ஏவிய மன்னரும், போரினால் இலாபம் பெற்றோரும் அப்பாடல்களில் வினவப்படுவதில்லை. இவ்வகையில் அவற்றை ஆறுதற் பாடல்கள் எனலாமேயன்றிச் சமூகத் திறனாய்வு எனல் இயலாது. ஆறுதல் மாத்திரம் போதுமா என்னும் வினா இங்கே எழுந்தே தீரும். அதற்குரிய விடையை அப்பாடல்களின் பிற்கால வரலாறே தருகின்றது.

லைப்சிக்கும் தரங்கம்பாடியும்

அப்பிற்கால வரலாறு 18ஆம் நூற்றாண்டில் இரு திசைகளிற் சென்றது. ஒன்று இசை வழி. யொகான் செபஸ்தியான் பாஹ் இயற்றிய நத்தார் இசைக்கோவை, 1734ஆம் ஆண்டு நத்தார் நாள் தொடங்கி 1735 தை 6ஆம் நாள் வரை லைப்சிக் நகர ஆலயங்களில் ஆறு பகுதிகளாக நிகழ்த்தப்பட்டது. அதன் முதற் பகுதியிற் சபைப் பாடலாக முதலில் வருவது கெர்கார்ட்டின் வருகைக்காலப் பாடலின் ஒரு பகுதியேயாம். பாஹ் அதற்கு அமைத்த மெட்டு, கெர்கார்ட்டின் மற்றொரு புகழ்பெற்ற பாடலான, முள்முடி தரித்த கிறிஸ்துவின் தலையைப் பாடும் பாடுகளின் பாடலுக்கு உரியதாக இன்று யாவரும் அறிந்த மெட்டாகும். இசைக்கோவையின் இறுதிப் பகுதியும் அதே மெட்டிலேயே, எக்காள ஒலியுடன் முடிவடைகின்றது. 1601இல் ஹஸ்லர் ஒரு காதற்பாட்டுக்காக இயற்றிய அம்மெட்டு பல பாடல்களுக்கும் பயன்பட்டதாகையால், பாஹ் வேண்டுமென்றே தொட்டிலையும் சிலுவையையும் இணைத்தார் எனத் துணிந்து கூறுதல் கூடாது என்பர் சிலர். எவ்வாறாயினும் பிறப்பின் மகிழ்ச்சிக்கும் மரணத்தின் துயருக்கும் ஒரே இசை பொருந்திற்று என்பது மறுக்கவியலாதது. அவ்விசையை அமைத்தவர், தம் இருபது பிள்ளைகளுள் பதின்மரைக் குழந்தைப் பருவத்திற் பறிகொடுத்த தந்தையுமாவார்.

மற்றையது தமிழ் வழி. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர், ஜேர்மானிய லூதரன் மரபினர். அங்கிருந்த டேனியத் தளபதியோடு ஏற்பட்ட பிணக்கினால் 1708 கார்த்திகை மாதத்திற் சிறையிடப்பட்ட அவர், நான்கு மாதங்கள் கோட்டையினுள் அடைபட்டிருந்தார். அவ்வாண்டின் நத்தார் அவருக்குச் சிறையிலேயே கழிந்தது. அவரும் அவர் பின் வந்தோரும் தம் நாட்டுச் சபைப் பாடல்களைத் தமிழாக்கினர். அவ்வகையில் மிகுதியும் உழைத்தவர், 1742 முதல் சென்னையிற் பணியாற்றிய பப்ரிசியுஸ் ஐயராவார். மேனாட்டு மெட்டுக்கு இசையத் தமிழ்ச் சொற்களை அமைத்த அப்பாடல்கள் ஞானப்பாட்டுகள் எனப் பெயர் பெற்றன. தமிழ் யாப்பின் ஓசைக்கு அவை முற்றும் இயைந்தன எனல் கூடாதெனினும், கெர்கார்ட்டின் பாடுகளின் பாடல் தமிழ்ச் சபைகளிற் பெரிய வெள்ளியன்று இன்றும் உருக்கத்தோடு பாடப்படுகின்றது. முப்பதாண்டுப் போரின் சாம்பலில் எழுந்த குரல், அப்போரின் பெயரையும் அறியாதார் நாவில் அவ்வாறு வந்து தங்கிற்று.

1942 மார்கழி

பாடல்களின் பயணம் இவ்வாறிருக்க, அவை பிறந்த நாட்டிலேயே அவற்றுக்குக் கடுஞ்சோதனை நேர்ந்தது. 1933இல் ஆட்சியைக் கைப்பற்றிய நாஸிகள் நத்தார் விழாவை ஒழிக்க முற்படவில்லை. அதனைத் தமதாக்கவே முயன்றனர். பெத்லகேமில் யூதத் தாய்க்குப் பிறந்த குழந்தையின் இடத்தில் மாரிக்காலக் கதிர்த்திருப்பமும் ஜேர்மானியத் தாய்மையும் வைக்கப்பட்டன. கிறிஸ்துவைக் குறிப்பிடாத புதிய நத்தார்ப் பாடல்கள் பரப்பப்பட்டன. இவ்வாட்சியின் கீழ்க் கழிந்த ஒரு மாதத்தை மட்டும், அதாவது 1942 மார்கழியை மட்டும், நோக்குதல் நம் வினாவுக்குத் தெளிவு தரும். அம்மாதத்தில் நான்கு நிகழ்ச்சிகள் நடந்தேறின.

முதலாவது, யொஹன் கிளெப்பரின் மரணம். எழுத்தாளரும் பாடலாசிரியருமான கிளெப்பர் யூதப் பெண்ணொருவரை மணந்தவர். அதன் காரணமாக 1937இல் எழுத்தாளர் கழகத்திலிருந்து விலக்கப்பட்டார். அதே ஆண்டு மார்கழி 18ஆம் நாள், ரோமர் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தை அடிப்படையாகக் கொண்டு, இருள் இன்னும் நீங்காத வேளையில் விடியலை எதிர்நோக்கும் வருகைக்காலப் பாடல் ஒன்றை எழுதினார். ஜேர்மானியச் சபைகளில் இன்றும் பாடப்படும் சிறந்த பாடல்களுள் அஃது ஒன்று. ஐந்தாண்டுகளின் பின், அவர் மனைவியின் மகள் சுவீடனுக்குச் செல்ல அந்நாட்டு அனுமதி கிடைத்திருந்தும், நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதியை ஐக்மன் மறுத்தார். தாயும் மகளும் கொலைமுகாமுக்குக் கொண்டு செல்லப்படுவர் என்பது உறுதியாயிற்று. மார்கழி 10ஆம் நாள் இரவில் மூவரும் ஒருங்கே தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். அவர் பாடல்களைப் பாடிய சபைகள் அவர் குடும்பத்தைக் காக்கவில்லை. நம்பிக்கையைப் பாடியவனே நம்பிக்கை இழந்தான் என இதனை எளிதில் முடித்துவிடலாகாது. பாடல் பாடியோர் அப்பாடலாசிரியனின் துன்பத்தைத் தமதாகக் கொள்ளவில்லை என்பதே இதிற் கசப்பான உண்மையாகும்.

இரண்டாவது, நத்தார் முன்னிரவில் நாஸி வானொலி நிகழ்த்திய ஒலிபரப்பு. வடமுனை தொடக்கம் ஆபிரிக்கா வரை, ஸ்டாலின்கிராட் உட்பட, பல போர்முனைகளிலிருந்து வீரர் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. இறுதியில் எல்லா முனைகளும் இணைந்து, அமைதியான இரவைப் பாடும் புகழ்பெற்ற நத்தார்ப் பாடலைப் பாடின. குரல்கள் யாவும் நேரடியாக வந்தவையா என்பது ஆய்வாளரால் ஐயுறப்படுகின்றது. அப்பாடலின் சொற்களை யோசப் மோர் என்னும் இளங்குரு எழுதியது, நெப்போலியப் போர்களின் பின் பயிர் பொய்த்து ஐரோப்பா பசியால் வாடிய 1816ஆம் ஆண்டிலாகும். வறியோரின் பாடல் இப்போது படையெடுப்பாளரின் கருவியாயிற்று. ஆட்சியினர் அளித்த இம்மகிழ்ச்சியின் நோக்கம், துன்பத்தை எவரும் வினவாதிருக்கச் செய்வதேயாம். அபின் என்னும் சொல் இதற்கு முற்றும் பொருந்தும்.

மூன்றாவது, அதே இரவில் ஸ்டாலின்கிராட்டில் நடந்தது. செம்படையால் முற்றுகையிடப்பட்டுப் பசியாலும் குளிராலும் மடிந்துகொண்டிருந்த ஜேர்மானியப் படையில் மருத்துவராக இருந்த கூர்ட் றொய்பர், தொழிலாற் போதகருமாவார். ரஷ்ய நாட்டுப்படம் ஒன்றின் பின்புறத்திலே, தன் மேலங்கியால் குழந்தையைப் போர்த்தி அணைத்திருக்கும் தாயைக் கரியினால் வரைந்தார். ஓரத்தில் ஒளி, வாழ்வு, அன்பு என்னும் மூன்று சொற்களை எழுதிப் பதுங்குகுழிச் சுவரில் வைத்தார். உள்ளே வந்த வீரர் அதன்முன் அசையாது நின்றனர் எனத் தம் குடும்பத்தாருக்கு எழுதினார். சிறைப்பட்ட அவர் 1944 தை மாதத்தில் ரஷ்ய முகாமில் இறந்தார். அவர் நின்ற நிலம் பிறர் நிலம் என்பதையும், அப்படையின் வருகையால் எண்ணிறந்த சோவியத் மக்கள் மாண்டனர் என்பதையும் மறந்து இப்படத்தைப் போற்றுதல் தகாது. பிற்காலத்தவர் அதனை மறக்கவில்லை. மூலப்படம் 1983 முதல் பேர்லினில், குண்டுவீச்சிற் சிதைந்த கோபுரத்தைத் தாங்கி நிற்கும் கைசர் வில்கெல்ம் நினைவாலயத்தில் உள்ளது. அதன் படிகள், ஜேர்மானியக் குண்டுகளால் அழிந்த கோவென்றியிலும், ஸ்டாலின்கிராட்டின் இன்றைய பெயரான வொல்ககிராட்டிலும் வைக்கப்பட்டுள்ளன.

நான்காவது, டீற்றிக் பொன்ஹோபர் என்னும் இறையியலாளர் தம்மோடு ஆட்சிக்கெதிரான இரகசிய முயற்சியில் ஈடுபட்ட நண்பர் சிலருக்கு நத்தார்க் கொடையாக ஒரு கட்டுரை எழுதினார். நாஸி ஆட்சியின் பத்தாண்டுகளைக் கணக்குப் பார்க்கும் அக்கட்டுரையில், நம்பிக்கை என்பது நிகழ்காலம் பற்றிய மதிப்பீடன்று, எதிர்காலத்தைப் பகைவனுக்கு விட்டுக்கொடாத உயிர்ப்பாற்றல் என்னும் பொருள்பட அவர் எழுதினார். அதனோடு சேர்ந்த ஒரு குறிப்பில், ஒதுக்கப்பட்டோர், ஒடுக்கப்பட்டோர் ஆகியோரின் நிலையிலிருந்து, அதாவது கீழிருந்து, வரலாற்றை நோக்கக் கற்றமையைப் பெறற்கரிய அனுபவமாகக் கூறினார்.

சிறையில் நத்தார்

பொன்ஹோபர் 1943 சித்திரை 5ஆம் நாள் கைதுசெய்யப்பட்டுப் பேர்லினின் தேகல் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கிருந்து எழுதிய தொடக்கக் கடிதங்களிலேயே கெர்கார்ட்டின் பாடல்களை மனனஞ் செய்வதாகக் குறிப்பிட்டார். அவ்வாண்டு மார்கழியில், தொட்டிலருகே தனித்து நிற்கும் ஒருவனின் குரலாக அமைந்த பாடலை அப்போதுதான் தமக்குரியதாகக் கண்டுகொண்டதாகவும், நெடுநாள் தனித்திருந்தவனே அதனை உணரமுடியும் என்னும் கருத்தினையும் தம் நண்பர் எபர்காட் பெத்கேக்கு எழுதினார். இருநூற்றுத்தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் போரினாற் சிதைந்த நகரில் அச்சான பாடல், குண்டுமழை பொழியும் அதே நகரின் சிறையறையில் தன் வாசகனைக் கண்டது.

மார்கழி 17ஆம் நாள் பெற்றோருக்கு எழுதிய கடிதம் இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. கிறிஸ்தவ நோக்கிற் சிறையில் நத்தாரைக் கழிப்பது பெரும் இடர்ப்பாடன்று என்றும், அவ்விழாவின் பெயரை மட்டும் காக்கும் இடங்களினும் இவ்வில்லத்திற் பலர் அதனை உண்மையாகக் கொண்டாடுவர் என்றும் அவர் கருதினார். சத்திரத்தில் இடமின்றித் தொழுவத்திற் பிறந்தவனின் வரலாறு சிறைப்பட்டவனுக்கு எளிதில் விளங்கும் என்பதே அவர் தரும் காரணம். இச்சொற்களைச் சிறை நலமென்று கூறும் சொற்களாகக் கொள்ளலாகாது. அன்புடையோரைப் பிரிந்த துயரை அவரது கடிதங்கள் ஒருபோதும் மறைப்பதில்லை. அவ்வெற்றிடத்தை இறைவனே நிரப்பிவிடுகிறார் என்று கூறுவதையும் அவர் ஏற்கவில்லை. அது வெற்றிடமாகவே இருந்து உறவைக் காக்கின்றது என்றார். அதே நத்தாருக்குத் தம்மோடு சிறையிலிருந்தோர் ஓதுவதற்கென மன்றாட்டுகளை எழுதிச் சிறைக்குரு வாயிலாக வழங்கினார்.

இம்மகிழ்ச்சியை வானொலி பரப்பிய மகிழ்ச்சியிலிருந்து பிரிப்பது எது? அதற்குப் பொன்ஹோபர் 1930களிலேயே ஓர் அளவுகோல் வகுத்திருந்தார். யூதருக்காகக் குரல் எழுப்புவோருக்கே திருச்சபையின் பழம்பெரும் இசையைப் பாடும் உரிமை உண்டு என்று அவர் தம் மாணவரிடம் கூறியதாகப் பெத்கே பதிவுசெய்துள்ளார். பாடலின் இனிமையோ பாடுவோரின் உருக்கமோ போதாது. அருகில் அழுவோரின் குரல் அப்பாட்டினுள் கேட்கின்றதா என்பதே வினா. பாடும் உரிமையைத் தம் செயலால் தேடிக்கொண்டவர்களுள் அவர் ஒருவர். 1944 மார்கழியில் இரகசியப் பொலிஸாரின் நிலவறைச் சிறையிலிருந்து தம்மை மணக்கவிருந்த பெண்ணுக்கு எழுதிய கடிதத்தோடு ஒரு கவிதையையும் அனுப்பினார். அஃது இன்று ஜேர்மானியச் சபைகளிற் பரவலாகப் பாடப்படுகின்றது. 1945 சித்திரை 9ஆம் நாள் புளொசன்பூர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார். இரண்டு வாரங்களின் பின் அம்முகாம் அமெரிக்கப் படையினரால் விடுவிக்கப்பட்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். நத்தாரின் மகிழ்ச்சி துன்பமற்ற காலத்தின் விளைவன்று. அதன் சிறந்த பாடல்கள் போரின் சாம்பலிலும் பிள்ளைகளைப் புதைத்த இல்லங்களிலும் சிறையறைகளிலும் பிறந்து அல்லது மறுபிறப்பெடுத்து வந்துள்ளன. எனினும் துன்பத்திற் பிறந்தமையால் மாத்திரம் ஒரு பாடல் எக்காலத்தும் உண்மையானதாக நிலைத்துவிடுவதில்லை. ஒரே மரபின் பாடல்கள் ஒரு கையில் மருந்தாகவும் இன்னொரு கையில் மயக்கமாகவும் ஆகின. மகிழ்ச்சி மேலிருந்து ஏவப்பட்டுத் துன்பத்தின் பெயரைச் சொல்லவும் தடைசெய்தபோது அது மயக்கமாயிற்று. துன்புறுவோரைப் பெயர் கூறி அழைத்து, அவரிடையே நின்று பாடப்பட்டபோது அது மருந்தாயிற்று. கெர்கார்ட்டின் பாடல்களிற் காணப்படாத சமூக நோக்கு, அப்பாடல்களை நெஞ்சிற் கொண்டு கொடுங்கோன்மையை எதிர்த்த ஒருவரின் வாழ்க்கையில் வந்து சேர்ந்தது. ஆறுதல் எதிர்ப்புக்குப் பகையாக இருந்தே தீரவேண்டுமென்பதில்லை என்பதற்கு இது சான்று.

நம்பிக்கை வெற்றியை உறுதிசெய்வதுமன்று. கிளெப்பர் காப்பாற்றப்படவில்லை, றொய்பர் வீடு திரும்பவில்லை, பொன்ஹோபர் இரண்டு வாரங்களால் விடுதலையை இழந்தார். அவர்கள் கண்ட ஒளி அவர்களைக் காக்கவில்லையெனினும், இருளை இருளென்று காணவும், அதற்கு இறுதிச் சொல்லை விட்டுக்கொடாதிருக்கவும் உதவிற்று. இச்சபைப் பாடல்களைத் தமிழிற் பாடிவரும் ஈழத்து மக்களுக்கும் போர்க்கால நத்தார்கள் அறியாதனவல்ல. விளக்கின்றியும் இடம்பெயர்ந்தும் அவ்விரவைக் கழித்தோர் நம்மிடையே உளர். அவர்கள் பாடியது மயக்கத்தினாலா, உரத்தினாலா என்பதை வெளியிலிருந்து தீர்ப்பிடுதல் எவர்க்கும் எளிதன்று. ஆயின் இனி அப்பாடல்களைப் பாடப்போகும் ஒவ்வொரு தலைமுறையும், தன் பாட்டொலியில் எவருடைய அழுகை கேளாமற் போகின்றது என்னும் வினாவைத் தன்னிடமே எழுப்பிக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளது.